இரண்டு நோட்டு, ஒரே உடம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று உங்கள் நாளிதழில் முழுப்பக்கக் கட்டுரை வந்தது. நவம்பர் 14, உலக நீரிழிவு நாளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் ஒரு பக்கம் சிறுதானியச் சமையல். இரண்டையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். முதல் கட்டுரையில் சர்க்கரை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இரண்டாவதில் மனசு என்ற சொல் ஒரே ஒரு தடவை வருகிறது, 'மனசு வைத்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாம்' என்று.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் விழுந்து கிடந்தவன் என் தம்பி. அவனைப் பற்றி எழுதினால் வேறு சில வீடுகளில் சீக்கிரம் விழித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வெட்ட வேண்டுமென்றால் என் வேலையைப் பற்றிய பகுதியை வெட்டிவிட்டு, தராசைப் பற்றியதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

நான் சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 31 வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றவள். 1991-ல் வேலைக்குச் சேர்ந்தபோது, உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டத்துக்கு உயிர்நாடியே எடை பார்ப்பதுதான். மாதாமாதம் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஜட்டி மாதிரி தைத்த துணியில் குழந்தையை மாட்டித் தொங்கவிட வேண்டும். அது வீல் வீலென்று கத்தும். முள் ஆட்டம் நிற்கிற ஒரு நொடியில் எண்ணைப் பார்த்து, அட்டையில் புள்ளி வைத்து, போன மாசப் புள்ளியோடு கோடு இழுக்க வேண்டும்.

பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. குழந்தை எத்தனை கிலோ என்பதைவிட கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார். கோடு படுத்துவிட்டால், அந்தக் குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் சும்மா விடாதே. அந்தக் காலத்தில் எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து மறுபடி பார்ப்போம். இப்போது எல்லாம் போனில் ஏற்றுகிறார்கள், கோட்டை அதுவே போட்டுக்கொள்கிறது. நான் கையால் போட்ட கோடு எத்தனை ஆயிரம் இருக்குமோ, கணக்கில்லை.

கர்ப்பிணிகளுக்கு எடை பார்க்க ஏறி நிற்கிற தராசு ஒன்றும் மையத்தில் இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி எனக்குப் பன்னிரண்டு வயசு இளையவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். 24 வயசில், 1998-ல், அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் செக்ஷனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) பண்டல் கட்டுகிற இடத்தில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பான். இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கு எடுத்தோம், தீச்சட்டி எடுத்தோம். ஒரு வருஷம் இப்படியே போன பிறகுதான் ஆஸ்பத்திரி. மனச்சிதைவு என்றார்கள்.

முதலில் கொடுத்த மாத்திரையில் குரல் பாதி அடங்கியது. ஆனால் கை நடுங்கும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், வாயோரம் எச்சில் வழியும். பதினொரு வருஷம் அப்படி ஓடியது. 2010-ல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ஓலன்சபின் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். அந்த மாத்திரையை நான் ஒரு நாளும் திட்ட மாட்டேன். ஒரு மாசத்தில் கை நடுக்கம் நின்றது. இரண்டாவது மாசம் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைக்குச் சத்தமாகச் சிரித்தான். எங்கம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, எதற்குச் சிரிக்கிறான் என்று பயந்துபோய்ப் பார்த்தாள். எல்லோரும் சிரிக்கிற இடத்தில்தான் அவனும் சிரித்திருக்கிறான். அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள்.

அப்புறம் பசி வந்தது.

நாம் சொல்கிற பசி வேறு, அது வேறு. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆறு தோசை சாப்பிட்டு எழுந்தவன் பத்தரைக்குப் பழைய சோற்றுப் பானையைத் திறப்பான். சாத்தூரில் காராச்சேவுக்குப் பஞ்சமா? அரைக்கிலோ பொட்டலம் தலையணைக்கு அடியில் இருக்கும். 'பசி அடங்க மாட்டேங்குதுக்கா' என்பான். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? உட்கார்ந்து தின்றால் குன்றும் கரையும் என்றோம். வேலைக்குப் போகாமல் தூங்கித் தூங்கி எழுந்தால் உடம்பு வைக்காமல் என்ன செய்யும் என்றோம். சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பிற்பாடு மருந்தியல் படித்த என் மகள்தான் விளக்கினாள். மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் வேலை செய்கிற சில இடங்களை இந்த மாத்திரை அடைத்துவிடுகிறதாம். வயிறு நிறைந்துவிட்டது என்ற சேதி மேலே போய்ச் சேருவதில்லையாம். பசி அடங்கவில்லை என்று அவன் சொன்னது உள்ளது உள்ளபடி. நாங்கள்தான் அதைக் குணக்கேடாக எடுத்துக்கொண்டோம்.

எட்டு வருஷம் மாதாமாதம் புதன்கிழமை மனநலப் பிரிவுக்கு அவனைக் கூட்டிப்போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் நூறு பேரைப் பார்த்தாக வேண்டிய இடம் அது. கேட்கிற கேள்விகள் மூன்று. தூக்கம் வருதா? சத்தம் கேக்குதா? மாத்திரை ஒழுங்கா போடுறானா? மூன்றுக்கும் நல்ல பதில் சொன்னோம். நோட்டில் 'அதே மருந்து' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த நோட்டை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். 2010-ல் டிஸ்சார்ஜ் சீட்டில் எடை 58 கிலோ என்று இருக்கிறது. அதற்கப்புறம் எட்டு வருஷத்துக்கு ஒரு பக்கத்தில்கூட எடை இல்லை.

ஊரான் பிள்ளைக்கெல்லாம் மாசம் தவறாமல் எடை போட்டவள் நான். ஏறி நிற்கிற தராசு என் மையத்தில், என் நாற்காலிக்கு ஐந்தடி தள்ளி இருந்தது. தம்பி தினமும் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவருவான், அந்தத் தராசைத் தாண்டித்தான் வருவான். ஒரு நாள்கூட 'ஏறி நில்லுடா' என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

2017 கடைசியில் பாதம் எரிகிறது என்றான். மிளகாய்ப்பொடி தடவினது மாதிரி இருக்கிறதாம். பொதுப் பிரிவில் காட்டினோம். மேசைமேல் மனநல நோட்டை வைத்ததும் அங்கே இருந்தவர் முகம் மாறியது. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னைப் பார்த்து, 'இவங்களுக்கு இப்படித்தாம்மா தோணும், அவங்க டாக்டர்கிட்டயே சொல்லுங்க' என்றார். அங்கே சொன்னால், கால் எரிச்சலுக்குப் பொதுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை எழுந்தான். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். இந்த நோயில் சிலர் அப்படி அளவில்லாமல் தண்ணீர் குடிப்பது உண்டு என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அதனால் நோய் திரும்புகிறது என்று பயந்தேனே தவிர வேறு எதுவும் யோசிக்கவில்லை. கழிப்பறையில் எறும்பு மொய்த்தது. அதைக்கூட மழைக்காலம் என்று நினைத்து எறும்புப் பொடி வாங்கிப் போட்டேன்.

2018 ஜூனில் தெருக் குழாயடியில் மயங்கி விழுந்தான். சர்க்கரை 486. அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல் தடவையாக என் மையத்துத் தராசில் ஏற்றினேன். 91 கிலோ.

அதிலிருந்து எங்களுக்கு இரண்டு நோட்டு. மனநல நோட்டு புதன்கிழமை, சர்க்கரை நோட்டு வெள்ளிக்கிழமை. வேறு வேறு கட்டடம், வேறு வேறு வரிசை. ஒரு நோட்டில் என்ன மாத்திரை மாற்றினார்கள் என்பது மற்ற நோட்டுக்குத் தெரியாது. நான்தான் நடுவில் தபால்காரி.

தபால்காரி தப்பாகவும் சேதி கொண்டுபோவாள். அந்த மனநல மாத்திரையால்தான் சர்க்கரை வந்தது, அதை நிறுத்தினால் இதுவும் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். படித்தவர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் நிறுத்தினேன். பதினெட்டாம் நாள் ராத்திரி மின்விசிறி தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று வயரை அரிவாள்மனையால் வெட்டினான். மெயின் சுவிட்சை அணைக்க என் வீட்டுக்காரர் ஓடியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தயவு செய்து நான் செய்ததைச் செய்யாதீர்கள். மருந்தை மாற்ற வழி இருக்கிறது, மருத்துவர்தான் மாற்ற வேண்டும், மெதுவாக மாற்ற வேண்டும்.

மறுபடி மாத்திரையைத் தொடங்கிய பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மையத்தில் மிஞ்சிக் கிடந்த பழைய வளர்ச்சி அட்டை ஒன்றை எடுத்து, பின்பக்க வெள்ளையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். கீழே மாதம், பக்கத்தில் கிலோ. மாதாமாதம் ஒன்றாம் தேதி காலையில், ஒண்ணுக்குப் போய்விட்டு வந்ததும், செருப்பில்லாமல், வேட்டியோடு. 91. 92. 92 அரை. 94. சோற்றைக் குறைத்து, கம்பங்கூழ் கொடுத்து, சாயங்காலம் நடக்க வைத்தும் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

நாலாம் மாசம் புதன்கிழமை வரிசையில் அந்த அட்டையோடு போனேன். அன்றைக்கு இருந்தவர் இளம் மருத்துவர். வழக்கமான மூன்று கேள்வி முடிந்ததும் அட்டையை நீட்டினேன். திருப்பிப் பார்த்தார், முன்பக்கத்தில் குழந்தை படம் போட்டிருந்தது, மறுபடி திருப்பினார். 'இது யாரும்மா போட்டது?' என்றார். நான்தான் என்றேன். 'இவருக்கு மாத்திரை ஆரம்பிச்சப்ப என்ன எடை?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் எட்டு வருஷமாகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக் காட்டினேன். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவர் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். ஓலன்சபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அரிபிப்ரசோல் என்ற மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆறு வாரத்தில் மாற்றினார். அது இந்த அளவுக்கு எடை ஏற்றாதாம். எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது, குரல் திரும்பினால் உடனே கூட்டி வரணும் என்று சொல்லியே அனுப்பினார். எங்கள் அதிர்ஷ்டம், ஒத்துக்கொண்டது. அந்தப் பசி போனது. ஒரு நாள் தட்டில் அரைத் தோசையை மிச்சம் வைத்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவை.

அமெரிக்காவில் நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2004-லேயே இதற்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகள் பிற்பாடு காட்டினாள். இந்த வகை மாத்திரை தொடங்கும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். நாலு, எட்டு, பன்னிரண்டாம் வாரங்களில் எடை. பன்னிரண்டாம் வாரம் மறுபடி சர்க்கரையும் கொழுப்பும். எடை தொடக்கத்தில் இருந்ததைவிட 5 சதவீதம் ஏறினாலே மருந்தை மாற்றலாமா என்று யோசிக்கச் சொல்கிறது. 58-க்கு 5 சதவீதம் மூன்று கிலோகூட வராது. நாங்கள் 33 கிலோ வரை காத்திருந்தோம்.

மருந்தை மட்டும் குற்றம் சொல்வதும் முழு உண்மை இல்லை. மாத்திரை எதுவும் தொடாத புது நோயாளிகளிடமே, மற்றவர்களைவிட உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதம் கொஞ்சம் கோளாறாக இருப்பதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். ஹென்றி மாட்ஸ்லி என்ற ஆங்கிலேய மனநோய் மருத்துவர் 1879-லேயே, பித்து இருக்கிற குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று எழுதி வைத்தார். அவர் காலத்தில் இந்த மாத்திரைகள் ஏது? இப்போது கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்திலிருந்து இருபது வருஷம் முன்னதாகவே போய்விடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய பங்கு மாரடைப்பு மாதிரியான உடம்பு நோய்களுக்கு. குரல் கேட்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நெஞ்சு நின்றுபோவது தெரியாது.

ஒரு விஷயம், இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். உடம்பு சாப்பாட்டைச் சக்தியாக்குவதற்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வளர்சிதை மாற்றம் என்று பேர். தம்பியின் நோய்க்கு மனச்சிதைவு என்று பேர். இரண்டிலும் சிதை இருக்கிறது. பேர் வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களோ தற்செயலோ, எனக்கு அது ரொம்பப் பொருத்தமாகத்தான் படுகிறது.

சரி, இரண்டு நோட்டுக் கதைக்கு வருகிறேன். மருந்து மாறியதும் எடை இறங்க ஆரம்பித்தது. 2020 தொடக்கத்தில் 84. எடை இறங்கினால் சர்க்கரை மாத்திரையின் அளவையும் பார்த்துக் குறைக்க வேண்டும் அல்லவா? வெள்ளிக்கிழமைக்காரர்களுக்குப் புதன்கிழமை மருந்து மாறியதே தெரியாது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டும் 94 கிலோ காலத்து அளவிலேயே தொடர்ந்தன. எனக்கும் அது உறைக்கவில்லை.

அந்த வருஷம் தை கடைசி வெள்ளிக்கு, குணமாகிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இருக்கன்குடிக்கு நடந்தே போய் வந்தான். விரதம் வேறு. ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரெண்டு இட்லியோடு படுத்துவிட்டான். விடிகாலை நாலரை மணிக்குச் சத்தம். எழுந்து போனால், வாசல் திண்ணையில் நின்று யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். என்னைத் தெரியவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. தை மாசக் குளிரில் அப்படி ஒரு வேர்வை. பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. 'மறுபடி ஆரம்பிச்சிருச்சா?' என்றார்கள். ஒருத்தர் கயிறு எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்த பிறகு, யார் வாயிலிருந்து கயிறு என்ற சொல் வந்தாலும் எனக்கு உடம்பு நடுங்கிவிடும். மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, 'மாமாவுக்கு வேர்த்திருக்காம்மா?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 'மொதல்ல விரல்ல குத்திப் பாரு.'

48.

எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். பாதி சட்டையில் போனது. (மயங்கிக் கிடந்தால் வாயில் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.) இன்னொரு டம்ளர். கால்மணி நேரம் போயிருக்கும். திண்ணையில் உட்கார்ந்தான். சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான். 'என்னக்கா, யாரு செத்துட்டாங்க?' என்று கேட்டான். கயிறு கேட்டவர் முதல் ஆளாகக் கிளம்பினார்.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தானாம். ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறதாம். அதன் சோறு முக்கியமாக ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை. அது தீர்ந்தால் யாராக இருந்தாலும் உளறுவார்கள், அடிக்க வருவார்கள், குடித்தவர் மாதிரி நடப்பார்கள். பேய் என்றும் பித்து என்றும் கட்டிப்போடப்பட்டவர்களில் இப்படி எத்தனை பேரோ. என் தம்பியின் நெற்றியில் ஏற்கெனவே ஒரு நோயின் பேர் ஒட்டியிருந்ததால் வேறு எதையும் யோசிக்க ஊருக்குத் தேவைப்படவில்லை.

இதே மாதிரி இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். என் மையத்துக்குச் சத்துமாவு வாங்க வந்த ஒரு பெண், பிரசவமாகி ஆறு மாசம் இருக்கும், குழந்தை கத்தினால் திரும்பிப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மாமியார் காத்துக்கருப்பு என்று வேப்பிலை அடித்தாள். கிராம நர்ஸ் சொல்லி ரத்தம் பார்த்ததில் தைராய்டு அடிமட்டத்தில் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு நாலிலிருந்து எட்டு மாசத்துக்குள் சில பெண்களுக்கு அப்படித் தாழ்வது உண்டாம். மாத்திரை தொடங்கி இரண்டு மாசத்தில், குழந்தைக்குக் கொலுசு போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். தைராய்டு குறைந்தால் பித்துப் பிடித்த மாதிரிகூட ஆகும் என்று 1949-ல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 14 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பாலோர் தைராய்டு மருந்திலேயே தெளிந்துவிட்டார்களாம். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நாங்கள் இன்னும் வேப்பிலையில் நிற்கிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எங்கள் தெருக் கோடியில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். இருபது வருஷச் சர்க்கரை. கடைசி ஒரு வருஷம் மாத்திரையைத் தொடவில்லை. 'போட்டு என்னத்துக்கு டீச்சர்' என்பார். பேச்சு குறைந்தது, சவரம் செய்வதை விட்டார், பேப்பர் படிப்பதை விட்டார். சர்க்கரைப் பிரிவில் ஒவ்வொரு மாசமும் வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று திட்டு வாங்கினார். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இந்த இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருக்கிறதா? அவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்த நானும் கேட்கவில்லை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. உங்கள் கட்டுரையிலும் அந்த எண் இருந்தது. அத்தனை பேரிடமும் அந்த இரண்டு கேள்வியைக் கேட்கக் காசா செலவாகும்?

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. மனநலப் பிரிவின் வாசலில் ஒரு தராசு, ஒரு தையல்காரர் டேப். வரிசையில் நிற்கும்போதே எடையும் இடுப்பும் பார்த்து நோட்டில் எழுதிவிட்டால் போதும். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல், பெண்களுக்கு 80-க்கு மேல் போனால் நம் உடல்வாகுக்கு அது எச்சரிக்கை மணி. வருகிற உறவினர்களே பார்த்துச் சொல்லலாம், நர்ஸ்கூட வேண்டியதில்லை. அப்புறம் இரண்டு நோட்டையும் ஒரே நோட்டாக்குங்கள். புதன்கிழமை என்ன மாற்றினார்கள் என்பது வெள்ளிக்கிழமை மேசையில் தெரியட்டும். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவர்களை எல்லா மருத்துவத்திலும் உடல்நோய் உள்ளவர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. எங்கள் அளவில் அதற்கு அர்த்தம், கால் எரிகிறது என்று ஒருவன் சொன்னால் அவன் காலைப் பார்ப்பது. மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற பெண் என் பிபி மாத்திரையையும் தம்பியின் சர்க்கரை மாத்திரையையும் வாசலிலேயே தந்துவிடுகிறார். 2021-ல் அது தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை அலைச்சல் பாதி குறைந்தது, புண்ணியவதி. அவர் பையில் மனநல மாத்திரைக்கும் ஓர் இடம் கிடைத்தால் புதன்கிழமை அலைச்சலும் குறையும்.

இன்னொன்று உங்களிடம். அடுத்த அக்டோபர் 10-ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் அந்த எடை அட்டவணையைக் கட்டம் கட்டிப் போடுங்கள். கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிற அளவில் இருந்தால் போதும். சிறுதானியச் சமையலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

தம்பி இந்த மாசம் 79 கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 10.8 சதவீதத்திலிருந்து 7.1-க்கு வந்திருக்கிறது. கால் எரிச்சல் முழுக்கப் போகவில்லை, இனிப் போகாது என்கிறார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தன் எடையைப் பேப்பரில் போடுவதற்கு எனக்கு யார் அனுமதி தந்தது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பேர் போடவில்லை என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். வடைக் கடையில் நிற்கக் கூடாது என்று பேசிக்கொண்டு, தபால் பெட்டி வரைக்கும் இருவருமே நடந்து போகப்போகிறோம். போய்வர மூன்று கிலோமீட்டர் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி பணியாளர் ஒருவர்,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.